மூட்டை பிரிக்கிறார்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
சால்னா வாளி காலியாகும் நேரத்தில்தான்
நாங்கள் மூன்றாவது சீசன் எடுப்போம்.
கேமரா கிடையாது. தயாரிப்பாளர் கிடையாது.
ஆளுக்கு ரெண்டு புரோட்டா,
எஸ்தருக்கு மட்டும் ஒரு முட்டை வழியல்.

'கைரேகை விழவில்லை' பார்த்திருப்பீர்கள்.
பார்க்காவிட்டால் இந்த மேஜையில் உட்காராதீர்கள்.
செல்லூரில் ஒரு ரேஷன் கடை,
பில் போடும் கோதைநாயகி,
எடை போடும் பிச்சைமணி,
என்றைக்கும் வேலை செய்யாத ஒரு மெஷின்.
அவ்வளவுதான் கதை.
அதற்கே வயிறு வலிக்கச் சிரித்து
சிரித்த வாயை மூடுமுன் அழுதிருக்கிறோம்,
பதினெட்டு எபிசோடும்.

கடைசிக் காட்சியில் கோதை கையில்
பிரிக்காத மாறுதல் உத்தரவு.
பிச்சைமணி ஷட்டரைப் பாதி இறக்குகிறார்.
பாதிதான்.
காசில்லை என்று கம்பெனி கைவிட்டு
நாலு வருஷமாக அது அங்கேயே நிற்கிறது.

"முதல் ஷாட்டே மழைங்கிறேன்" என்பான் நல்லமாயன்.
"பாமாயில் பாக்கெட்டெல்லாம் மிதந்து போகுது
தத்தனேரி வரைக்கும்.
ஊரே வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அள்ளுது."
"மதுரைல எங்கடா அம்புட்டு மழை?" துளசிபாய்.
அவளுக்குக் கோதைக்குக் கல்யாணம் வேண்டும்.
கேட்டுவிட்டு அவளே வேண்டாம் என்பாள்:
"வர்றவன் அவளச் சிரிக்க விடமாட்டான்."
நாங்கள் வெங்காயம் தின்றோம்.

சிக்கந்தருக்கு ஜெராக்ஸ் கடை.
வீணான நகல்களின் முதுகில் எல்லாம் எழுதி வைக்கிறான்.
மூன்றாம் எபிசோட்
யாரோ ஒருவருடைய ஜாதிச் சான்றிதழின் பின்னால் இருக்கிறது.
ஐந்தாவதில் எண்ணெய் கொட்டி
எலி வரும் காட்சி அழிந்துவிட்டது.
எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான் என்று
இப்போது எல்லோரும் நம்புகிறோம்.

ஆடியில், பிச்சைமணியாக நடித்தவர் செத்துப்போனார்.
செய்தியில் பதினோரு விநாடி.
அவருடைய சொந்தப் பேரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.
அந்தச் சனிக்கிழமை மேஜையில் பேச்சில்லை.
மாஸ்டர் கொத்துகிற சத்தம் மட்டும்.

பிறகு நல்லமாயன், பயந்து பயந்து:
"அப்ப, மாலை போட்ட போட்டோ ஒண்ணு
கடைச் சுவத்துல மாட்டணுமா?"

எஸ்தர் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ்.
நைட் ட்யூட்டியில் எத்தனை பேருக்கு
முகத்தை மூடியிருக்கிறாளோ, சொன்னதில்லை.
தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:
"அவரு உள்ள இருக்காரு."
"எங்க உள்ள?"
"குடோன்ல. மூட்டை பிரிக்கிறாரு.
கூப்பிட்டா சத்தம் மட்டும் வரும்.
இருங்கம்மா, சணல் சிக்கிக்கிச்சு."

முடிவாயிற்று.
ஒன்பது எபிசோடும் அவர் குடோனில்.
கலெக்டர் வருகிறார். மூட்டை பிரிக்கிறார்.
துவரம்பருப்புக்கு அடிதடி, மண்டை உடைகிறது. மூட்டை பிரிக்கிறார்.
வரிசை ஓய்ந்த மத்தியானங்களில் கோதை
அந்தக் கதவருகே ஒரு டீயை வைத்துவிட்டுத் திரும்புவாள்.
அடுத்த ஷாட்டில் டம்ளர் காலி.
குடித்தது யாரென்று காட்டக் கூடாது.
இதற்கு மட்டும் ஓட்டெடுப்பு வைக்கவில்லை.

ஏழாவதில்தான் சண்டை.
உத்தரவைப் பிரிக்கலாமா கூடாதா?
பிரித்தே ஆகணும் என்று நல்லமாயன் அலப்பறை.
பிரித்தால் போகணும்,
போய்விட்டால் டீ யார் வைப்பது என்கிறாள் துளசிபாய்.
மூன்று சனிக்கிழமை போய்விட்டது இதிலேயே.
பக்கத்து மேஜை லாரி டிரைவர்
இங்கிட்டுத் திரும்பி உட்கார்ந்து
"எந்தச் சேனல்ல வருது?" என்று கேட்டார்.
யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

உசிலம்பட்டிக்குக் கடைசி வண்டி.
நல்லமாயன் காசு கொடுக்காமல் ஓடி
படியில் தொற்றிக்கொண்டு கத்துகிறான்:
கோதைக்கு ஓர் ஊர்ப் பேர்.
ஹாரனில் பாதி போய்விட்டது.

"பரமக்குடியா, திருமங்கலமா?"
சிக்கந்தர் பேனாவை உதறுகிறான்.
"திருமங்கலம்தான்," என்றாள் துளசிபாய்,
"அதுதான் கிட்ட.
வேலை முடிஞ்சு வந்து டீ வச்சுட்டுப் போயிரலாம்."

சிக்கந்தர் எழுதிக்கொண்டான்.
அவனுடைய ரெண்டு புரோட்டா என் கணக்கில்.